மென்மையான வயிற்றுக்கு ஏற்றது

...மென்மையான வயிற்றுக்கு ஏற்றதாம், யார் வயிற்றுக்கு, இதை அச்சடித்தவன் வயிற்றுக்கா, இதை விற்றவள் வயிற்றுக்கா, ஒன்பதேகாலுக்குக் குடுவைக்குள் போட்டது, இப்போது மணி பதினொன்று இருபது, வெந்நீர்த் தொட்டி உடம்புச் சூட்டில் குலுங்கிக்கொண்டே இருக்கிறது, இரைப்பையில் சுரக்கிற அதே அமிலத்தில்தான் ஊறுகிறது, ஆனாலும் அந்த வெள்ளைத் துண்டு வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது, ஒரு ஓரம்கூட மழுங்கவில்லை... அவள் குனிந்து பார்த்தாள், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து மங்கியது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பக்கத்துக் குடுவையில் பொம்மை ரயிலிலிருந்து சுரண்டியெடுத்த நீலச் சாயம். அதுதான் இன்றைய வேலை. ஒரு குழந்தை அந்த ரயிலை வாயில் வைத்துச் சப்பி, சாயம் வயிற்றுக்குள் போனால் அதிலிருந்து என்னென்ன கரைந்து வெளியே வரும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் நீலச் சாயத்துக்கு ஒரு வரி இருந்தது. வெள்ளைத் துண்டுக்கு வரி இல்லை, எப்படி இருக்கும், அது அவள் கைப்பைக்குள் ஒளிந்து வந்த சரக்கு, நாய் மெல்லுவதற்கென்று விற்கிற குச்சியிலிருந்து கத்தியால் அறுத்தெடுத்த துண்டு, அறுப்பதற்கே அவளுக்குக் கை வலித்துவிட்டது.

பதினோரு வருடமாக இந்தச் சோதனைக்கூடத்தில் அவளுக்கு இதுதான் பிழைப்பு, ஒரு குழந்தை ஒரு பொம்மையை என்னவெல்லாம் செய்யுமோ அதையெல்லாம் குழந்தைக்கு முன்னால் தான் செய்து பார்ப்பது, கீழே போட்டு உடைப்பது, திருகுவது, துணிக்கரடியின் கண்ணை இடுக்கியில் மாட்டி ஒன்பது கிலோ எடை தொங்குகிற மாதிரி பத்து நொடி இழுப்பது. அதனால் அவளுக்குக் கண்பிடுங்கி என்றே பெயர், வரவேற்பறைப் பெண்கூட, கண்பிடுங்கிக்கா, உங்களுக்கு பார்சல் வந்திருக்கு என்பாள். போன மாதம் ஒரு கரடியின் இடது கண் எட்டாவது நொடியில் கையோடு வந்துவிட்டது, வலது கண் வரவில்லை, ஒரு கண்ணுதானே மேடம் என்று பொம்மைக் கம்பெனிக்காரர் குழைந்தார், மூச்சடைக்க ஒரு கண்ணு போதும் சார் என்று இவள் சொன்னாள், மொத்தச் சரக்கும் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிற்று. சரி, தின்னக்கூடாத ஒரு கரடிக் கண்ணுக்கே இத்தனை பாடு இருக்கிறதே, தின்னு தின்னு என்று படம் போட்டு விற்கிற பொருளை யார் இடுக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்தார்கள்? பாக்கெட்டின் பின்பக்கத்தை அவள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று, சோதித்தவர் இன்னார் என்று ஒரு பெயர் இல்லை, ஒரு முத்திரை இல்லை, சிரிக்கிற ஒரு நாயும் ஒரு பச்சை இலையும்தான் இருந்தன. நாய் சிரிக்கிறதாம். இலை எதற்கு? அந்த நாய் என்ன இலையா தின்கிறது?

அவள் வீட்டு நாய் சிரிப்பதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் வக்கீல் என்று பெயரே வைத்தார்கள், எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு நீளமாக ஓர் ஆட்சேபணை தெரிவிப்பான். ஐந்து வயது, பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒன்று மடிந்திருக்கும். இரண்டு வருடமாகக் குடல் அழற்சி. எது உள்ளே போனாலும் இவன் குடல் அதைத் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறது என்றார் மருத்துவரம்மா, கோழி ஆகாது, மாடு ஆகாது, பால் ஆகாது, கோதுமை ஆகாது, மீனும் உருளைக்கிழங்கும் உப்பில்லாமல் வேகவைத்து மசித்து, காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. பதினாலு கிலோ இருந்தவன் பதினொன்றில் நிற்கிறான், தடவினால் முதுகெலும்பை எண்ணலாம். ஆனால் நோய் குடலுக்குத்தானே, பல்லுக்கு இல்லையே, பல் அத்தனையும் கெட்டியாக இருக்கிறது, அதற்கு எதையாவது கடித்தே ஆகவேண்டும், மசித்த மீனில் எதைக் கடிப்பது? நாற்காலிக் காலைக் கடித்தான், மிதியடியைக் கடித்தான், சுவர் மூலையைக் காரை உதிரக் கடித்தான். கடிக்க ஒன்றுமில்லாவிட்டால் ஊளை. அவள் காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினால் திரும்பி வர ஆறாகிவிடும், அத்தனை நேரமும் விட்டுவிட்டு ஊளையிடுகிறது என்று மாடி வீட்டம்மா சொல்லி, வீட்டுக்காரர் காதுக்குப் போய், இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்தா நாயா வீடான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க என்று அவர் வாசலில் நின்றபடியே, உள்ளே வராமலே, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காமலே சொல்லிவிட்டுப் போனார். நாயா வீடா. கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது இந்தத் தேடல், ஏதோ ஒரு குச்சி, ஏதோ ஓர் எலும்பு, இவ்வளவு பெரிய உலகத்தில் ஒரு நாய் கடித்து அதற்கு ஒன்றும் ஆகாத ஒரு பொருள் கிடைக்காதா என்று. மாட்டுத்தோலை முறுக்கிச் செய்த எலும்பு, தண்ணீரில் போட்டால் மூன்று மடங்கு ஊதியது, அது தொண்டைக்குள் ஊதினால்? பன்றிக்காது வாங்கிக் கையில் பிடித்தாலே கொழுப்பு வடிந்தது, வாடையிலேயே அவனுக்கு வயிறு கலங்கி மூன்று நாள். மான்கொம்பு என்று ஒன்று, இயற்கையானது இயற்கையானது என்று நாலு இடத்தில் எழுதியிருந்தது, இயற்கையானதுதான், பாறைகூட இயற்கையானதுதான், ஒரே கடியில் கடைவாய்ப் பல்லின் முனை சில்லாகத் தெறித்தது. உங்க கட்டைவிரல் நகத்தால அழுத்திப் பாருங்க, நகம் பதியலைன்னா அது பல்லுக்கு ஆகாது என்று அப்போதுதான் மருத்துவரம்மா சொன்னார், அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் இவள் நகத்தோடுதான் போகிறாள். கயிறு முடிச்சு? நூல்நூலாகப் பிரிந்து குடலைச் சுருக்குப் போட்டுவிடும். நைலான் எலும்பு? சீவல் சீவலாக உள்ளே போகும், போனது போனதுதான். கேரட் கொடுத்துப் பார்த்தாள், இரண்டு கடி, முழுங்கிவிட்டு அடுத்த கேரட்டுக்கு மனு போட்டான். பால்கட்டியைக் காயவைத்துச் செய்த குச்சி நன்றாகத்தான் இருந்தது, பால் ஆகாதே, என்ன செய்ய. ஒவ்வொன்றிலும் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருந்தது... இத்தனை நாயையும் எங்கே பிடித்துச் சிரிக்க வைக்கிறார்கள்? படம் எடுத்த அன்றைக்கு அந்த நாய்களுக்கு இதைத் தின்னக் கொடுத்திருப்பார்களா? கொடுத்திருக்க மாட்டார்கள். சத்தியமாகக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் வந்ததுதான் இந்த வெள்ளைக் குச்சி, போன சனிக்கிழமை வீட்டுக்காரரே, அதாவது அவள் வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர், ஐந்து நாள் சாலையில் இரண்டு நாள் வீட்டில் என்று இருப்பவர், தானே கடைக்குப் போய்ப் பெருமையாக வாங்கி வந்தார், முழுவதும் செரிக்கக்கூடியது, நீண்ட நேரம் நீடிப்பது, மென்மையான வயிற்றுக்கு ஏற்றது. அவளும் நகத்தை வைத்துப் பார்த்தாள், லேசாகப் பதிந்தது, கோழி இல்லை, மாடு இல்லை, அப்பாடா என்றிருந்தது. திங்கட்கிழமை காலையில் எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டுக் கதவைப் பூட்டினாள். ஆறு மணிக்குத் திறந்தால் அவன் வாசலுக்கு வரவில்லை, சமையலறை மூலையில் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு நிற்கிறான், வாயிலிருந்து கோழை கயிறாகத் தொங்குகிறது, தரையெல்லாம் நுரை, அவளைப் பார்த்ததும் வாலை ஆட்டப் பார்த்தான், அது பாதி ஆடி நின்றுவிட்டது. அந்தப் பாதி வாலாட்டலை நினைத்தால் இப்போதும்... வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், வேலை நேரம். மருத்துவரம்மா மயக்கம் கொடுத்துத் தொண்டை வழியாகக் குழாய் விட்டு இரைப்பையிலிருந்து எடுத்தார், கட்டைவிரல் பருமனில் ஒரு துண்டு, பல்தடம்கூட அழியாமல். இன்னும் கொஞ்சம் கீழ, குடலுக்குள்ள இறங்கியிருந்தா வயித்தை கிழிக்கணும், இந்த உடம்புக்கு அது தாங்காது என்றார், துண்டை ஒரு சின்ன ஜாடியில் போட்டு மூடி, இந்தாங்க, வச்சுக்குங்க என்று கொடுத்தார், என்னமோ பிரசவம் பார்த்த மாதிரி. இரண்டு நாள் அங்கேயே இருந்தான், புதன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான், வியாழக்கிழமை இவள் விடுப்பு எடுத்தாள், இன்றைக்கு வெள்ளி, எடுக்க விடுப்பு இல்லை. வீட்டில் தனியாக இருக்கிறான், கடிக்க ஒன்றும் வைக்காமல் வந்திருக்கிறாள். போனைப் பார்த்தாள். வீட்டுக்காரரிடமிருந்து, அந்த வாசலில் நின்ற வீட்டுக்காரரிடமிருந்து, அழைப்பு ஒன்றும் இல்லை, இன்னும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு பாக்கெட்டில் இருந்த எண்ணுக்குப் போட்டாள், பன்னிரண்டு நிமிடம் புல்லாங்குழல் வாசித்தார்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், முக்கியமாக இருந்தால் எடுக்க வேண்டியதுதானே, பிறகு ஒரு பெண் குரல், சின்னப் பெண்ணாக இருக்கும், தேன் தடவிய மாதிரிப் பேசினாள். இவள் எல்லாவற்றையும் சொன்னாள், குடல், குழாய், ஜாடி, அமிலம், மணிக்கணக்கு. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மேடம், மேற்பார்வையில் கொடுக்கவும்னு பாக்கெட்லயே போட்டிருக்கோமே மேடம் என்றாள். போட்டிருக்கிறார்கள், எறும்பு ஊர்ந்த மாதிரி, பின்பக்கத்து மடிப்புக்குள்ளே. அது சாப்பிடறப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா மேடம் என்று அடுத்த கேள்வி, அதே தேன். நான் பக்கத்துல இருந்தா அதுக்கு எதுக்கும்மா குச்சி என்று இவள் கேட்டாள், நறுக்கென்று கேட்டுவிட்டோம் என்று ஒரு நிமிடம் நிறைவாகக்கூட இருந்தது, உங்க கருத்தை பதிவு பண்ணிக்கிட்டேன் மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா? உதவியாம். கருத்தாம். இவள் சொன்னது கருத்தா, ஓர் உயிர் போகத் தெரிந்தது கருத்தா? கொண்டுவந்த சாப்பாட்டைத் திறக்கவே இல்லை, மூடியபடியே பைக்குள் போட்டாள்.

மூன்று மணிக்கு மேலாளர் வந்துவிட்டார். வழுக்கைத் தலை, சத்தம் போடாத மனிதர், சத்தம் போடாமலே ஆளைக் கூச வைக்கிறவர். பேர் எழுதாத குடுவை ஒண்ணு குலுங்குதே, என்ன இது? சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை, சொல்லச் சொல்லக் குரல்தான் ஏறிக்கொண்டே போயிற்று, அடுத்த மேசையில் பொம்மைக் காரை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். மேலாளர் கையுறையை மாட்டிக்கொண்டு துண்டை இடுக்கியால் எடுத்தார், விளக்குக்கு நேராகப் பிடித்தார், விரலால் அழுத்தினார், பந்து மாதிரி அமுங்கி எழும்பியது. எவ்வளவு நேரமாச்சு? அஞ்சே முக்கால் மணி நேரம் சார். அவர் தலையை ஆட்டினார், வயித்துல அமிலம் மட்டுமாம்மா இருக்கு, செரிக்க வைக்கிற சரக்கு இன்னும் எத்தனையோ இருக்கே, இத வச்சு நாம ஒண்ணும் சொல்ல முடியாதே. அது அவளுக்குத் தெரியாதா, பதினோரு வருடமாகத் தெரியும், கைப்பையைத் திறந்து ஜாடியை எடுத்து அவர் முன்னால் டக்கென்று வைத்தாள், அந்த சரக்கெல்லாம் இருந்த வயித்துல ரெண்டு நாளா கிடந்து வந்தது சார் இது. இரண்டு நாள் இல்லை, அரை நாள்தான், கோபத்தில் வாய் கூட்டிச் சொல்லிவிட்டது, திருத்தவில்லை. அவர் ஜாடியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்ம கூடத்து பேர்ல இதப் பத்தி ஒரு வரிகூட வெளிய போகக் கூடாது, புரியுதா? புரியாமல் என்ன, கரடிக்குக் கண் இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது, வக்கீலுக்கு யார் இருக்கிறார்கள்? அவர் ஜாடியைத் திருப்பிக் கொடுத்தார். நீங்க கெளம்புங்க, இன்னிக்கு சீக்கிரம் போங்க, நீலத்த நான் பாத்துக்கறேன். அந்தக் கரிசனம்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருக்கலாம், இதற்கு என்ன சொல்வது, நன்றி சார் என்றுதான் சொல்ல வேண்டும், சொன்னாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பேருந்தில் சன்னல் ஓரம் கிடைத்தது. இந்த நேரத்துப் பேருந்தே வேறாக இருந்தது, பள்ளி விட்ட பிள்ளைகள், மருந்துச்சீட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர், யாரும் யாரையும் இடிக்கவில்லை. நேராக அந்தக் கடைக்குத்தான், ஜாடியைக் கல்லாவுக்கு மேலே வைத்து, நாலு பேர் கேட்க... போன் அடித்தது, லாரிக்காரர். வக்கீல் என்ன பண்றான்? என்ன பண்றானா, நான் பஸ்ல இருக்கேன், எனக்கு எப்படிங்க தெரியும்? இவள் அமிலக் கதையை ஆரம்பித்தாள், எதிர்ப்பக்கம் இஞ்சின் இரைச்சல், அவர் வண்டியை ஓரம் கட்டுவது கேட்டது. நீங்க ஒரு தடவை பின்னாடி திருப்பி படிச்சிருக்கலாம், முன்னாடி இருக்கற படத்த பாத்துட்டு தூக்கிட்டு வந்துட்டீங்க, எத்தனை தடவை சொல்லியிருக்கேன்... அவர் எதிர்த்துப் பேசவில்லை, அவர் எப்போதுமே அப்படித்தான், அதுவும் ஒரு எரிச்சல். நல்லதுன்னு நெனச்சுத்தானே வாங்கினேன் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, மெத்துனு ஒண்ணு இருந்துச்சு, அந்தக் கடையம்மா அதத்தான் எடுத்து குடுத்தாங்க, நீதான் ரொம்ப நேரம் தாங்கறதா பாத்து வாங்குங்கன்னு சொல்லியிருந்தியே, அது சீக்கிரம் தீந்துடும்னு நான்தான் வச்சுட்டு இந்த வெள்ளைக் குச்சிய எடுத்தேன். குத்திக்காட்டவில்லை, நடந்ததைச் சொல்கிறார், அந்தக் குரலில் கோபத்துக்குப் பிடிமானமே இல்லை. ஆமா, எல்லாம் என் தலையில போடுங்க என்றாள். நான் எங்கம்மா போட்டேன்? சரி, வண்டிய எடுங்க, ரோட்டுல நிக்காதீங்க. வைத்துவிட்டாள். சொன்னாள்தான், சொல்லாமல் என்ன, தாங்காததை வாங்கி வைத்து அரை மணியில் அவன் தின்று முடித்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் ஊளையிட்டால் வீட்டைக் காலி செய்துகொண்டு எங்கே போவது, தாங்க வேண்டும் என்று கேட்டதில் என்ன தப்பு, தாங்கவும் வேண்டும் செரிக்கவும் வேண்டும், அப்படித்தானே அவர்களும் எழுதியிருக்கிறார்கள், எழுதினதை நம்பினது தப்பா? இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள்.

கடையம்மா கல்லாவில் ஒரு பூனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பருத்த உடம்பு, வேர்த்த கழுத்து, பூனை கணக்குப் பார்க்கிற மாதிரி இவளைப் பார்த்தது. பின்னால் சுவர் முழுக்கப் பாக்கெட்டுகள், சிரிக்கிற நாய்கள் வரிசை வரிசையாக. இவள் ஜாடியை வைத்தாள், பேசினாள், பேருந்தில் ஒத்திகை பார்த்ததில் பாதி மறந்துவிட்டது, மிச்சப் பாதியே கடையை நிரப்பியது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் அதே பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், இவள் ஜாடியை அவர் முகத்துக்கு நேராகவே நீட்டினாள், அவர் பதறிப்போய்ப் பாக்கெட்டை வைத்துவிட்டு எட்டப் போனார். கடையம்மா அசையவில்லை. உயிரோட இருக்கானா என்று மட்டும் கேட்டாள். இருக்கான். சரி, அது போதும். என்ன போதும், நீங்க இத முதல்ல சுவத்துலேர்ந்து எடுங்க. நானா இத செஞ்சேன், வர்றத அடுக்கறேன், இத எடுத்தா நாளைக்கு பத்து பேர் அது எங்கன்னு கேப்பாங்க, ஏன் எடுத்தேன்னு ஒவ்வொருத்தருக்கும் உங்க ஜாடியவா காட்டறது? அப்படியானால் யாருமே இல்லையா, செய்தவன் மேற்பார்வை என்கிறான், சோதிக்கிறவர் வெளியே சொல்லாதே என்கிறார், விற்கிறவள் அடுக்குகிறேன் என்கிறாள், இந்தத் துண்டு யாருடையதும் இல்லையா, தானாகவே முளைத்துத் தானாகவே அவன் தொண்டைக்குள் போயிற்றா? கடையம்மா எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் போனாள். சரி, இப்ப உங்களுக்கு என்ன வேணும், எவ்வளவு நேரம் தாங்கணும்?

பத்து மணி நேரம், என்றாள். யோசிக்கவே இல்லை, விளக்குக்குப் பேட்டரி வாங்க வந்த மாதிரி வாயில் வந்து நின்றது. கடையம்மா திரும்பிப் பார்த்தாள். பத்து மணி நேரம் தாங்கற சாமான் வயித்துக்குள்ள போய் மட்டும் எப்படிங்க உடனே கரையும்? கிண்டல் இல்லை அதில், இத்தனை வருடம் கடை வைத்திருப்பவளின் அலுப்புதான் இருந்தது. கரையறது வேணும்னா சீக்கிரம் தீரும். தீரக்கூடாதுன்னா அத முழுங்கவே விடக்கூடாது. ரெண்டும் சேந்து எங்கிட்ட இல்ல. யார்கிட்டயும் இருக்கும்னு எனக்கு தோணல. பிறகு குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள், தடித்த ரப்பர், உள்ளே குழி, பம்பரத்தைக் குடைந்த மாதிரி, அதன்மேல் ஒரு நாயும் சிரிக்கவில்லை. இதுக்குள்ள அவன் திங்கற சாப்பாட்டையே அடைச்சுடுங்க, புதுசா ஒண்ணும் வயித்துக்குள்ள போகாது, ஆனா பக்கத்துலயே இருந்து பாருங்க, பிய்க்க ஆரம்பிச்சா வாங்கி வச்சுடுங்க. இவள் நகத்தை அழுத்தினாள், பதிந்தது, இரண்டு கையாலும் இழுத்தாள், திருகினாள், தரையில் ஐந்து முறை ஓங்கிப் போட்டாள், பூனை இறங்கி ஓடிவிட்டது. பொம்மை வாங்கறவங்கள பாத்திருக்கேன், பொம்மையோட சண்டை போடறவங்கள இப்பத்தான் பாக்கறேன் என்றாள் கடையம்மா. ஜாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தாள், மூக்குக்கண்ணாடிக்காரர் அந்தப் பாக்கெட்டை மறுபடி எடுத்துவிட்டார், பின்பக்கத்தைத் திருப்பினார், படிக்கத்தான் போகிறார் என்று நினைத்தாள், விலையைப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்கு நடந்தார்.

வீட்டுப் படியில் கால் வைக்கும்போது நாலரை. காதைத் தீட்டிக்கொண்டு ஏறினாள், ஊளை இல்லை, இரண்டு படி இரண்டு படியாகத் தாவினாள், அவள் கதவுக்கு வெளியே மாடி வீட்டம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு கரண்டி, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு இறங்கி வந்த கோலம். வந்துட்டாள், புகார் சொல்ல வாசலுக்கே வந்துட்டாள் என்று இவளுக்குச் சுர்ரென்றது, வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டாள். இல்லீங்க, இன்னிக்கு காலையில இருந்து ஒரு சத்தமும் இல்ல, அன்னிக்கு நீங்க அவனை துண்டுல சுத்தி தூக்கிட்டு போனத பாத்தேன், மனசு கேக்கல, ரெண்டு மூணு தடவை இறங்கி வந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு பேச்சு குடுத்தேன், கதவோரமா வந்து படுத்துக்கிட்டான், மூச்சு விடறது கேட்டுது. என்ன பேசினீங்க? என்னத்த பேசறது, அதுகிட்ட போய், ஏதோ பேசினேன். அந்தம்மா கரண்டியைப் பார்த்துக்கொண்டாள், அடுப்பு எரியுது என்று மேலே ஏறிப் போனாள். யார் கேட்டது இவளை? வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னவள்தானே, இவள் வாயால்தானே இவ்வளவும், இப்போது வந்து நின்று பேச்சுக் கொடுத்தாளாம்... சாவியைத் துளையில் நுழைத்தாள். இந்த வீட்டில் பகலில் நாய்க்கு யாராவது பேச்சுக் கொடுத்திருக்கிறார்களா என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கதவுக்குப் பின்னாலேயே கிடந்தான், திறந்த கதவு அவன் விலாவில் இடித்தது. எழுந்து நின்றான், தள்ளாடவில்லை, வால் முழுசாக ஆடியது, இரண்டு பக்கமும். வெயில் சமையலறை வரைக்கும் நீண்டு கிடந்தது, வேலை நாளில் இந்த வெயிலை அவள் பார்த்ததே இல்லை, இந்த நேரத்தில் இந்த அறை இப்படியா இருக்கிறது, இவ்வளவு அமைதியாகவா... மசித்த மீனை ரப்பருக்குள் அடைத்துத் தரையில் வைத்தாள். முகர்ந்தான், நக்கினான், அது உருண்டு நாற்காலிக்கு அடியில் போயிற்று. துரத்தவில்லை. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான். எடுத்துக் கொடுத்தாள், மறுபடி உருண்டது, மறுபடி அவளைப் பார்த்தான், அலமாரிக்கடியில் போன ரப்பரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தாள், ரப்பரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் முன்னங்கால் இரண்டையும் அவள் முழங்கால்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கடித்தான், சில்லுப்போன கடைவாய்ப் பல்லை ஒதுக்கி அடுத்த பக்கத்தால் கடித்தான், கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, ஒவ்வொரு கடிக்கும் அவள் மணிக்கட்டு வரை அதிர்ந்தது. பழக்கதோஷம், கடிகாரத்தைப் பார்த்து வைத்திருந்தாள். ஏழு நிமிடம் ஆகியிருக்காது, போதும் என்று விட்டுவிட்டான். தீரவில்லை, உள்ளே பாதிக்கு மேல் மீன் அப்படியே இருந்தது, இழுத்துப் பார்த்தாள், ரப்பரில் ஒரு பிசிறுகூட இல்லை. அவன் தாடையை அவள் கைமேல் வைத்து ஒரு நீண்ட மூச்சு விட்டான், அவ்வளவுதான், தூங்கிவிட்டான். இவ்வளவுதானா இவனுக்கு வேண்டியிருந்தது, ஏழு நிமிடமா? ஏழு நிமிடத்துக்கா மானைத் தேடி, மாட்டைத் தேடி... பத்து மணி நேரம் என்று இவனா கேட்டான்? கையை மெல்ல உருவப் பார்த்தாள், மடிந்த காது அசைந்தது, விட்டுவிட்டாள். நாளைக்கு சனிக்கிழமை, வண்டி வந்துவிடும், ஆள் இருப்பார், ஞாயிறும் இருப்பார். திங்கட்கிழமை எட்டு மணிக்கு... கோபம் போய்விட்டதா என்று உள்ளே துழாவிப் பார்த்தாள், போகவில்லை, கொதிக்கக் கொதிக்க இருந்த இடத்திலேயே இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு இனி யார் வாசலில் போய் நிற்பது என்பதுதான் தெரியவில்லை, மேலே கரண்டி எதிலோ உரசுகிற சத்தம் கேட்டது, கை மரத்துக்கொண்டு வந்தது, அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்...